அய்ந்து வயதுப் பாவிகளா?

கோடை விடுமுறை வந்தால் கிறிஸ்தவக் கோயில்கள் உள்ள ஊர்களில் எல்லாம் பிள்ளைகளுக்கென்று சில நாள் வேதப் பள்ளிக்கூடம் நடப்பது வழக்கமாக இருந்து வருகின்றது. பாட்டு உண்டு, விளையாட்டு உண்டு, படம் வரைதல் உண்டு, பிஸ்கட்டும் மிட்டாயும் உண்டு. வெயிலில் சுற்றுகிற பிள்ளை சற்று நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும் என்று கிறிஸ்தவரல்லாத தாய் தகப்பன்மாரும் தங்கள் பிள்ளைகளை அனுப்பி வைக்கிறார்கள். பாட்டிலும் மிட்டாயிலும் நமக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் பல இடங்களில் அந்தப் பாட்டுக்கும் மிட்டாய்க்கும் நடுவில் அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. "நீ பாவி என்று ஒப்புக் கொள்ளுகிறாயா? இயேசுவை உன் இரட்சகராக ஏற்றுக் கொள்ளுகிறாயா?" என்பதே அது. அய்ந்து வயதுப் பிள்ளையும் ஆறு வயதுப் பிள்ளையும் ஆமென்று கை தூக்குகின்றன. இத்தனை பிள்ளைகள் இரட்சிக்கப்பட்டார்கள் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. அந்த "ஆம்" என்பதற்கு என்ன மதிப்பு என்பதுதான் நாம் இங்கு ஆலோசிக்க விரும்பும் விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகின்றோம். பாதிரிமார்கள் இந்நாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்த உபகாரத்தை மறந்துவிட்டு நாம் பேசவில்லை. சூத்திரனும் பஞ்சமனும் பெண்ணும் படிக்கக் கூடாதென்று சாத்திரம் எழுதி வைத்த நாட்டில், 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, சில ஆண்டுகளுக்குள்ளாகவே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். பெண் பிள்ளைகளுக்கும் வைத்தார். இங்கிலாந்தில் கிளாஸ்டர் நகரத்தில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியும், வாரத்தில் ஆறு நாள் உழைத்துக் களைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்க வந்ததுதான். அந்த எழுத்தை நாம் நன்றியோடு வாங்கிக் கொள்ளுகிறோம். எழுத்தோடு ஒட்டிக் கொடுக்கப்பட்ட நரகத்தைத்தான் வேண்டாமென்கிறோம்.

"எழுத்தில்லாத புத்தகம்" என்று ஒன்று இருக்கின்றது. அதன் பக்கங்களில் எழுத்துக் கிடையாது. நிறம் மாத்திரமே உண்டு. 1866-இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பேர்பெற்ற பிரசங்கி, கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று தாள்களைச் சொல்லித் தமது சபையாருக்குப் பிரசங்கம் செய்தார். பின்னால் வந்தவர்கள் பொன்னிறத்தையும் பச்சையையும் சேர்த்து அதைப் பிள்ளைகள் பாடமாக்கினார்கள். கருப்பு என்றால் உன் பாவம். சிவப்பு என்றால் இயேசுவின் இரத்தம். வெள்ளை என்றால் கழுவப்பட்ட இருதயம். பொன் என்றால் மோட்சம். பச்சை என்றால் பக்தியில் வளருவது. 1937-இல் அமெரிக்காவில் ஏற்பட்ட "சைல்ட் இவாஞ்சலிசம் ஃபெலோஷிப்" என்ற சங்கம் இதை உலகமெங்கும் கொண்டு போயிற்று. நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் இந்த நிறங்களை வைத்து உபதேசம் செய்தவரே. கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட இருந்த சிறு பெண்களை எடுத்து வளர்த்த அந்த அம்மையாரின் இரக்கத்தை நாம் ஒரு நாளும் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனாலும், வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த நம் கருத்த பிள்ளையின் கையில், கருப்பென்றால் பாவம் வெள்ளையென்றால் சுத்தம் என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் அது தன் தோலைப் பற்றி என்ன நினைத்துக் கொள்ளும்? கருப்புச் சட்டை போட்டுத் திரிகிற நமக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரலாம். அந்தப் பிள்ளைக்கு வராது.

நிற்க, நிறம் கிடக்கட்டும். அந்தக் கருப்புப் பக்கம் சொல்லுகிற செய்திதான் முக்கியமானது. நோயில்லாதவனிடம் மருந்து விற்க முடியாது. ஆகவே இரட்சிப்பைக் கொடுப்பதற்கு முன் பாவத்தைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. பெரியவர்களிடத்தில் இது சுலபம். பொய், களவு, சூது, குடி என்று ஏதாவது ஒன்று ஒவ்வொருவன் கணக்கிலும் இருக்கும். பாலகனிடத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதனால் ஆதாம் தின்ற பழத்தை அவன் கணக்கில் எழுத வேண்டியதாகிறது. இதற்குத்தான் ஜென்ம பாவம் என்று பேர். பாட்டன் பட்ட கடனுக்குப் பேரனைச் சிறையிலடைக்கிற சட்டம் எந்த நாகரிக தேசத்திலாவது உண்டா? அவர்களுடைய வேதத்திலேயே எசேக்கியேலின் 18-ஆம் அதிகாரத்தில் தகப்பன் குற்றம் மகனைச் சேராது என்ற கருத்துத் தெளிவாக இருக்கிறது. மத்தேயுவின் 19-ஆம் அதிகாரத்தில், பரலோக ராச்சியம் சிறு பிள்ளைகளைப் போன்றவர்களுடையது என்ற பொருளில் இயேசுவே பேசியதாக இருக்கிறது. ஏற்கனவே ஒருவனுக்குச் சொந்தமான வீட்டுக்குள் அவன் நுழைவதற்குப் பாதிரியார் எதற்குச் சாவி கொடுக்க வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை.

இந்தப் பிறவிப் பாவத்துக்கு உறுதியான உருவம் கொடுத்தவர் 354 முதல் 430 வரை வாழ்ந்த அகஸ்தீன் என்ற பிஷப்பாவார். கைக்குழந்தையிடத்திலும் பாவம் உண்டு என்பதற்கு அவர் கண்ட சாட்சியைக் கேட்டால் நம் தாய்மார்கள் நகைப்பார்கள். தான் குடிக்க வேண்டிய பாலை மற்றொரு குழந்தை குடிப்பதைப் பார்த்து ஒரு குழந்தை பொறாமையால் முகம் வெளுத்ததாம்! தன் சுயசரிதத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். பசித்த குழந்தை பாலுக்கு அழுதால் அது பாவமென்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதுதான். 418-இல் ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்தில் கூடிய பிஷப்புகள் குழந்தைகளுக்கும் இந்தப் பாவம் உண்டு, ஞானஸ்நானத்தால்தான் அது கழுவப்படும் என்று தீர்மானம் செய்தார்கள்.

அந்தத் தீர்மானம் வெறும் காகிதத்தில் இருந்து விட்டதா? அயர்லாந்து தேசத்துக்குப் போனால் "கில்லீன்" என்று சொல்லப்படுகிற இடங்களை இன்றைக்கும் பார்க்கலாம். ஞானஸ்நானம் பெறுவதற்கு முன் செத்துப்போன குழந்தைகளைக் கோயில் கல்லறையில் புதைக்க விடாததால், வேலியோரத்திலும் பாழடைந்த மேட்டிலும் அவைகளைத் தனியே புதைத்த இடங்கள் அவை. பெற்ற வயிறு எரிய, தகப்பன் பிணத்தைத் தூக்கிக் கொண்டு போய்ப் பேரில்லாத கல்லைப் போட்டு விட்டு வந்தான். இது ஏதோ ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சங்கதியல்ல. இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது. பிறகு 2007-இல் ரோமாபுரியில் போப்பின் அனுமதியோடு இறைநூல் பண்டிதர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது என்பது அதன் சாரம். சந்தோஷம். ஆனால் அந்த வேலியோரக் குழிகளுக்கு யார் பதில் சொல்லுவது? 1500 வருஷம் சத்தியமாக இருந்தது ஒரு அறிக்கையில் தளர்ந்து விடுமானால், இன்றைக்குப் பிள்ளைக்குச் சொல்லப்படும் சத்தியத்துக்கு எத்தனை வருஷம் ஆயுசு?

பயமுறுத்துவதெல்லாம் பழைய காலம், இப்போது அன்பைத்தான் போதிக்கிறோம் என்று சில நல்ல பாதிரிமார்கள் சொல்லக் கூடும். சிலர் அப்படியே நடக்கவும் நடக்கிறார்கள். ஆனால் இரட்சிப்பு என்ற வார்த்தைக்கே, ஏதோ ஒன்றிலிருந்து தப்புவிப்பது என்றுதான் பொருள். எதிலிருந்து என்று பிள்ளை கேட்காமல் இருக்குமா? கேட்டால் என்ன பதில் கிடைத்தது என்பதற்குச் சரித்திரத்திலேயே சாட்சியிருக்கிறது. 1671-இல் இங்கிலாந்தில் ஜேன்வே என்ற பாதிரியார் பிள்ளைகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். மனந்திரும்பிப் பக்தியோடு செத்துப்போன பிள்ளைகளின் கதைகள்தான் அந்தப் புத்தகம். விளையாட வேண்டிய வயதில் சாவதற்கு ஒத்திகை! 1861-இல் ஃபர்னிஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் நரகத்தின் காட்சியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எழுதிய சிறு புத்தகத்தில், பழுக்கக் காய்ந்த அடுப்புக்குள் ஒரு குழந்தை கிடந்து துடிப்பதை வர்ணித்திருக்கிறார். அதை இங்கு எடுத்தெழுத நமக்கு மனமில்லை.

ஃபீபி பார்ட்லெட் என்ற பெண் குழந்தையின் கதையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நார்தாம்ப்டன் என்ற ஊரில் ஜானதன் எட்வர்ட்ஸ் என்ற பெரிய பண்டிதர் பாதிரியாராக இருந்தார். 1735-இல் அவ்வூரில் பக்தி ஆவேசம் பரவியிருந்தது. அப்பொழுது ஃபீபிக்கு வயது 4. அவள் அண்ணன் பேசியதைக் கேட்டு, அந்தக் குழந்தை ஒரு நாளைக்குப் பல தடவை ஓர் அறைக்குள் போய்த் தனியாக ஜெபம் செய்ய ஆரம்பித்தது. ஒரு நாள் அறையிலிருந்து வெளியே வந்து விம்மி விம்மி அழுதது. தாய் தேற்றியும் நிற்கவில்லை. கடைசியில் கேட்டபோது, நரகத்துக்குப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லிற்று. சற்று நேரத்துக்கெல்லாம் முகம் மாறி, பரலோகம் தன்னிடம் வந்துவிட்டதென்று சிரித்தது. இதைப் பாதிரியார் தெய்வத்தின் அதிசயக் கிரியை என்று எழுதி, 1737-இல் லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார்கள். நாலு வயதுக் குழந்தை தனக்குத் தண்டனை இல்லையென்று தானே சொல்லிக் கொண்டாலொழியத் தூங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டதே என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கதையின் அடுத்த பாகம் இன்னும் விசேஷமானது. பெரிய பிள்ளைகளோடு போய்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஃபீபி சில பிளம் பழங்களைப் பறித்து வந்தது. கேட்காமல் எடுப்பது பாவமென்று தாய் மெதுவாகச் சொன்னாள். குழந்தை திடுக்கிட்டுக் கதறிற்று. தோட்டக்காரரிடம் ஆளனுப்பி அனுமதி வாங்கி வந்து, இனிமேல் தின்னலாம் என்று சொல்லியும் அழுகை ஓயவில்லை. அந்தப் பழத்தின் மேலேயே அதற்கு வெறுப்பு வந்துவிட்டது. நம் ஊரில் மாங்காய் பறித்த பிள்ளைக்கு இரண்டு திட்டுத் திட்டி, மாங்காயை வாங்கி வைத்துக் கொண்டு, மறுநாள் அதையே ஊறுகாய் போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளையும் களவு கூடாதென்று தெரிந்து கொள்ளுகிறது, மாங்காயும் தின்னுகிறது. (ஆதாம் தின்றதும் பழம், அகஸ்தீன் வாலிபத்தில் திருடி மனம் வருந்தியதும் பேரிக்காய். இந்த மதத்தில் பழத்துக்கும் மனிதனுக்கும் ஏனோ ஒத்துக் கொள்ளவில்லை.) அதே ஊரில் அதே 1735-இல் ஜோசப் ஹாலி என்ற வியாபாரி, எட்வர்ட்ஸ் பாதிரியாரின் சொந்த உறவினர், தன் ஆத்துமாவின் கதியை நினைத்து நினைத்துக் கழுத்தை அறுத்துக் கொண்டு செத்தார் என்பதையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரிய மனிதனால் தாங்க முடியாத பாரத்தை நாலு வயதுத் தோளில் ஏற்றியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் ஏன் இவ்வளவு சீக்கிரத்தில் நம்பி விடுகின்றன? இதற்கும் விஞ்ஞானம் பதில் சொல்லியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பியாஜே என்ற மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர் பிள்ளைகளிடம் ஒரு கதை சொன்னார். பழம் திருடிய பையன் ஒருவன் ஓடிப் போகையில் உளுத்த பாலத்தின் மேல் கால் வைக்க, பாலம் முறிந்து தண்ணீரில் விழுந்தான். திருடாமலிருந்தால் பாலம் முறிந்திருக்குமா என்று கேட்டார். 6 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 86 பேர், திருடியதனால்தான் முறிந்தது என்றார்கள். 11, 12 வயதுப் பிள்ளைகளிலோ அப்படிச் சொன்னவர்கள் 100-க்கு 34 பேர்தான். மற்றவர்களுக்குப் பாலத்தின் மரம் உளுத்துப் போனது தெரிந்துவிட்டது. 1932-இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. அதாவது உலகமே தன்னைக் கண்காணித்துக் கொண்டிருக்கிறது, தப்புச் செய்தால் மரமும் கல்லும் தண்டிக்கும் என்று நினைப்பது அந்த வயதின் சுபாவம். வளர வளர அது தானாகவே உதிர்ந்து போகும். இரட்சிப்புப் போதனை அந்த உதிர வேண்டிய பயத்தை எடுத்து, ஆணி அடித்து நிரந்தரமாக்கி விடுகின்றது. 4 வயது முதல் 14 வயது வரைதான் மனிதனை மதத்தில் சேர்ப்பதற்கு ஏற்ற காலம் என்று பிரசாரகர்கள் இப்பொழுது "4/14 ஜன்னல்" என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னல் ஏன் 14-க்குமேல் சாத்திக் கொள்ளுகிறது என்று அவர்களே சற்று யோசித்துப் பார்க்கட்டும்.

பிள்ளைக்கு நம்பிக்கை என்பது என்னவென்று தெரியாது, ஆகையால் தெரிந்த பிறகே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று நாம் மாத்திரம் சொல்லவில்லை. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சொன்னவர்கள் உண்டு. 1525-இல் சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்தில் சிலர் அப்படிச் சொல்லி, பெரியவர்களுக்குத் திரும்ப ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நகர சபையார் அடுத்த ஆண்டே அதற்கு மரண தண்டனை விதித்தார்கள். தண்ணீரில் முக்கியவனுக்குத் தண்ணீரிலேயே முடிவு என்று, 1527 ஜனவரியில் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கைகால் கட்டி லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் போப்பின் ஆட்களல்லர், சீர்திருத்தக்காரர்கள்! குழந்தை சம்மதிக்க முடியாது என்று சொன்னதற்கு இவ்வளவு தண்டனை. நாம் மேலே சொன்ன ஸ்பர்ஜனும் அறியாக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாதென்ற பாப்டிஸ்டுக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். மூன்று மாதக் குழந்தைக்கு நம்பத் தெரியாது என்று இவ்வளவு வாதாடிய கட்சியார், அய்ந்து வயதுக் குழந்தைக்கு மாத்திரம் அது தெரிந்து விட்டதென்று எப்படிக் கண்டார்கள்? கத்தோலிக்கரோ, 1910-இல் பத்தாவது பயஸ் போப்பின் உத்தரவுப்படி, ஏறக்குறைய 7 வயதிலேயே பாவசங்கீர்த்தனத்துக்கும் நன்மை வாங்குவதற்கும் பிள்ளை யோக்கியதை பெற்றுவிடுகிறதென்கிறார்கள்.

நம் தேசத்தில் 18 வயது நிரம்பாதவன் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் செல்லாது. கல்கத்தா மைனர் ஒருவன் எழுதிய அடமானப் பத்திரத்தைப் பற்றி 1903-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தீர்ப்பான நாள் முதல் இது ஸ்திரப்பட்ட சட்டம். ஒரு மாட்டை விற்கவும் ஒரு வாக்குச் சீட்டைப் போடவும் யோக்கியதை இல்லாத பிள்ளை, அழியாத ஆத்துமாவுக்கு நித்திய காலத்துக்கும் பத்திரம் எழுதிக் கொடுக்க மாத்திரம் யோக்கியதை உடையதாய் விடுகிறது!

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் போதனை வந்த விதத்தையும் பார்ப்போம். 1542-இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த சவேரியார், கையில் மணியை அடித்துக் கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபங்களை மனப்பாடம் பண்ணி வைத்தார். அவருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது. பிள்ளைகளுக்கு அந்த ஜெபத்தின் பொருள் தெரியாது. ஆனாலும் வேலை நடந்தது. எவ்வளவு தூரம் நடந்ததென்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் தம் சபைச் சகோதரர்களுக்கு எழுதிய கடிதத்திலேயே மகிழ்ச்சியோடு சொல்லுகிறார். தாய் தகப்பன்மார் விக்கிரகத்தைக் கும்பிட்டால் பிள்ளைகளே அவர்களைக் கண்டித்து, தம்மிடம் வந்து கோள் சொல்லுகிறார்கள் என்றும், அந்த உருவங்களை உடைத்துத் துப்பி மிதிக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். விக்கிரகம் உடைந்ததற்காக நாம் அழப் போவதில்லை. அதை உடைப்பதற்கு நமக்கும் தெரியும். ஆனால் புத்தியினால் உடைப்பது வேறு, ஒரு பயத்தை எடுத்து விட்டு மற்றொரு பயத்தை வைப்பதற்காகப் பெற்றவர்களுக்கு எதிரே பிள்ளையை ஒற்றனாக்குவது வேறு.

இதே சவேரியார் பிறகு ஜப்பானுக்குப் போனார். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரை ஒரு கேள்வி கேட்டார்கள். எங்கள் பாட்டனும் பூட்டனும் உங்கள் கடவுளைப் பற்றிக் கேள்விப்படாமலே செத்தார்களே, அவர்கள் நரகத்திலா இருக்கிறார்கள், நாங்கள் ஏதாவது செய்து அவர்களை மீட்க முடியாதா என்று. முடியாது என்றார் சவேரியார். அவர்கள் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார்கள் என்று 1552-இல் அதே கொச்சியிலிருந்து அவரே எழுதுகிறார். தமக்கும் மனவருத்தம் உண்டாயிற்றென்கிறார். வருத்தப்பட்டாரே தவிர, பதிலை மாற்றிக் கொள்ளவில்லை.

பெரியவர்களாயிருந்த ஜப்பானியர்களே அப்படி அழுதார்களென்றால், நம் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? போன வருஷம் செத்துப்போன தாத்தா, தோளில் தூக்கிக் கொண்டு சந்தைக்குப் போன தாத்தா, கிறிஸ்தவரல்லாமலே செத்தவர். கோடைப் பள்ளியிலிருந்து திரும்பி வந்த பேரன், "ஆத்தா, தாத்தா இப்ப நெருப்புலயா இருக்காரு?" என்று கேட்டால், கூலி வேலை செய்து விட்டு வந்து அடுப்பூதிக் கொண்டிருக்கும் அந்தத் தாய் என்ன பதில் சொல்லுவாள்? இல்லையென்றால் பள்ளியில் சொன்னவர்கள் பொய்யர்கள். ஆமென்றால் மாமனாரை அவளே நெருப்பில் போட வேண்டும். அதோடு நிற்காது. "நீயும் போவியா ஆத்தா?" என்பது அடுத்த கேள்வி. இரவில் அந்தப் பிள்ளை விழித்துக் கொண்டு தாயின் மூச்சு வருகிறதா என்று பார்க்குமே, அந்தப் பாவத்தை யார் கணக்கில் எழுதுவது?

இவ்வளவும் கொடுத்து வாங்கின இரட்சிப்பு பூலோகத்தில் சாதியையாவது போக்கிற்றா என்றால் அதுவுமில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாக இருக்கும்படி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910-இல் ஒரு பாதிரியாரே அதை இடித்தார். இடித்ததற்காகச் சாதிக் கிறிஸ்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றார்கள். ஒரே இரத்தத்தில் கழுவப்பட்ட பிள்ளைகளை ஒரே கல்லறையில் புதைக்க மனமில்லாத ஊர்கள் இன்றும் இருக்கின்றன.

இதைப் படித்து விட்டு, "பார்த்தீர்களா, கிறிஸ்தவர் யோக்கியதையை" என்று சந்தோஷப்படுகிற இந்துக்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை நோயோடு பிறந்தால் முன்ஜென்மப் பாவம் என்கிறீர்கள். ஆதாம் பாவமாவது எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக இருக்கிறது. உங்கள் பூர்வ ஜென்மப் பாவமோ தோட்டியின் பிள்ளையைத் தோட்டியாகவும் பார்ப்பான் பிள்ளையைச் சாமியாகவும் பிறக்க வைக்கிறது. எமலோகத்து எண்ணெய்க் கொப்பரை ஃபர்னிஸ் பாதிரியாரின் அடுப்புக்கு எந்த விதத்தில் இளைத்தது? பேர் சொல்லக்கூடத் தெரியாத குழந்தையைத் தூக்கிப் போய் மொட்டையடித்துக் காது குத்தும்போது யார் அதன் சம்மதத்தைக் கேட்டார்கள்? முஸ்லிம் சகோதரர்களுக்கும் சொல்ல வேண்டியதை அவர்களே தெரிந்து கொள்ளுவார்கள். நம் இயக்கத்தோழர்களுக்குங்கூட இதில் பங்குண்டு. நாலு வயதுப் பிள்ளையை மேடையில் ஏற்றிக் "கடவுள் இல்லை" என்று சொல்ல வைத்துக் கை தட்டுவதில் நமக்குச் சம்மதமில்லை. பொருள் தெரியாமல் சொன்ன "இல்லை"யும் பொருள் தெரியாமல் சொன்ன "ஆமென்"னும் ஒரே ஜாதிதான்.

பயமில்லாவிட்டால் பிள்ளைகள் கெட்டுப் போகுமே என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் எட்மண்ட் காஸ் என்ற எழுத்தாளர் இருந்தார். அவருடைய தகப்பனார் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ந்த விஞ்ஞானி; ஆனால் மதத்தில் மகா கண்டிப்புக்காரர். மரத்தையும் கல்லையும் கும்பிட்டால் கடவுள் கோபித்துத் தண்டிப்பார் என்று மகனுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஏறக்குறைய 6 வயதில் அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு சின்ன நாற்காலியைச் சிரமப்பட்டு மேசை மேல் தூக்கி வைத்து, அதன் முன் மண்டியிட்டு, நாற்காலியைப் பார்த்தே ஜெபம் செய்தான். பிறகு இடி விழுகிறதா என்று காத்திருந்தான். ஒன்றும் விழவில்லை. 1907-இல் எழுதிய புத்தகத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 1953-இல் பெரியார் பிள்ளையார் உருவத்தை உடைத்துக் காட்டியது எந்தப் பரீட்சையோ அதே பரீட்சையை ஒரு பாலகன் தன் வீட்டு நாற்காலியை வைத்து நடத்தியிருக்கிறான்! அந்தப் பையன் கெட்டுப் போகவில்லை. 10 வயதில் பெரியவர்களோடு பெரியவனாக ஞானஸ்நானம் பெற்றான். புத்தி முதிர்ந்ததும் அந்த மதத்தை விட்டு விலகினான். இடையில் தகப்பனுக்கும் மகனுக்கும் ஏற்பட்ட துக்கத்தைத்தான் புத்தகம் முழுவதும் எழுதினான். மதம் அவனைப் பிடித்து வைக்கவில்லை. தகப்பன் மகன் உறவைத்தான் பறித்தது.

களவு கூடாது, பொய் கூடாது, பிறரை அடிக்கக் கூடாது என்பதற்கு நரகம் வேண்டியதில்லை. உன் பென்சிலை ஒருவன் எடுத்தால் உனக்கு எப்படியிருக்கும் என்று கேட்டால் பிள்ளைக்கு விளங்கும். பைபிளையும் படிக்கட்டும், பாரதத்தையும் குரானையும் புத்தர் சரித்திரத்தையும் படிக்கட்டும். இன்னார் இப்படி நம்புகிறார்கள் என்று சொல்லிக் கொடுப்பது கல்வி. நீ இதை நம்பாவிட்டால் வெந்து போவாய் என்பது கல்வியாகாது. இதனால் கிறிஸ்தவப் பெற்றோருக்கும் நஷ்டமில்லை. உங்கள் மதம் உண்மையானால் 18 வயதில் கேட்டாலும் அது உண்மையாகத்தானே இருக்கும்?

கடைசியாக, காரியத்தில் செய்யக் கூடியது ஒன்றிருக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவின் 3-ஆவது உட்பிரிவின்படி, அரசாங்க அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறுகிற பள்ளிக்கூடத்தில் படிக்கிற எவரையும் அவருடைய சம்மதமில்லாமல் மதபோதனையிலோ ஜெபத்திலோ கலந்து கொள்ளச் செய்யக் கூடாது; மைனராக இருந்தால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். 1989-இல் அய்க்கிய நாடுகள் சபை செய்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவும் குழந்தைக்குச் சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றில் சுதந்திரம் உண்டென்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றுக் கொண்டிருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது, "என் பிள்ளையை மதபோதனை வகுப்பிலும் ஜெபத்திலும் உட்கார வைக்க எனக்குச் சம்மதமில்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, ஒரு நகலில் அவருடைய கையெழுத்தையும் வாங்கி வைத்துக் கொள்ளலாம். எந்த மதத்துப் பள்ளிக்கும் இது பொருந்தும். கோடை வேதப் பள்ளிக்கு இந்தச் சட்டம் எட்டாது. அங்கே அனுப்புகிற பெற்றோர், என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்று முதல் நாளே போய்க் கேட்டுத் தெரிந்து கொள்ளட்டும். மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கட்டும்.